உறையைக் கழற்றினால் போதுமா?



சென்ற மார்கழி மாதத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. எழுபத்து நான்கு வயதில் காய்ச்சல் வருவது புதுமையன்று. ஆயினும் இரண்டாம் நாளே மூச்சு வாங்கத் தொடங்கியதால், பாளையங்கோட்டையில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவரிடம் என் மகள் அழைத்துச் சென்றாள். மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சோதித்த அவர், "இது இன்புளுயன்சா" என்று கூறி, ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தை நாளைக்கு இரண்டாக ஐந்து நாளுக்கு எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் பத்தும் கேப்சூல்கள். அவற்றின் மேலுறை, விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. நம் குடும்பங்களில் இதை அறியாதவர் இலர். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். விழுங்க இயலாதவர்களுக்கு உறையைத் திறந்து மருந்தை இனிப்பு நீரில் கலந்து கொடுப்பதுண்டு என்றார். அவ்வாறே உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தூளை நாட்டுச்சர்க்கரைக் கரைசலில் கலந்து, இரண்டாம் வேளை மருந்தைப் பொழுது சாயுமுன் உட்கொண்டேன். காய்ச்சல் தணிந்தது. விரதமும் காத்தோம், உடம்பும் பிழைத்தது என்று சிறிது பெருமையும் கொண்டேன்.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேறொரு நகரத்தில் நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி செய்பவள். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று மெல்லக் கேட்டாள்: "பாட்டி, மேலுறையைக் கழற்றிவிட்டீர்கள். அந்த மருந்துக்குள் இருக்கும் முட்டைகளை எப்படிக் கழற்றுவீர்கள்?"

எனக்குப் பொருள் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். விளக்கி முடித்தபின், அது என்னைக் கேலி செய்யக் கேட்ட கேள்வியன்று, தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்று தெரிந்தது. அவளுடைய ஆய்வே பறவைக் காய்ச்சலுக்கு எதிரான மருந்துகளைச் சோதிப்பதுதான். அவ்வாய்வின் அடுத்த கட்டத்தில், கருவுற்ற கோழி முட்டைகளுக்குள் நச்சுயிரியை ஊசியால் செலுத்த வேண்டும். செய்யலாமா, கூடாதா என்று கேட்கத்தான் திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். அவளுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. எனக்கே தெளிய வேண்டியிருந்தது. அந்தத் தெளிவைத் தேடியே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். 1997ஆம் ஆண்டு ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் நச்சுயிரி பதினெட்டு மனிதர்களைப் பற்றியது, அறுவர் இறந்தனர். அந்நகரத்துக் கோழிகள் அனைத்தும், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை, சில நாட்களில் கொல்லப்பட்டன. 2003ஆம் ஆண்டு முதல் இந்நோய் கண்டதாக உலக சுகாதார நிறுவனத்திற்குத் தெரியவந்த ஏறத்தாழ ஆயிரம் பேரில், பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் மாண்டுவிட்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் பரவுவதில்லை. பரவக் கற்றுக்கொண்டால் என்னாகும் என்ற அச்சமே உலகெங்கும் மருந்து தேடச் செய்கிறது. நம் நாட்டில் இது முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. 2021இல் அரியானாவைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தில்லி மருத்துவமனையில் இறந்தான். இந்தியாவில் இந்நச்சுயிரியால் நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் மனித மரணம் அது.

நம் பக்கத்துக்கு இது தொலைவுச் செய்தியன்று. 2021 சனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் மாண்டபோது, செங்கோட்டைக்கு அப்பால் புளியரைச் சோதனைச் சாவடியில் மலையிறங்கி வந்த வண்டிகளின் சக்கரங்களுக்கெல்லாம் மருந்து தெளித்தார்கள். தாமிரபரணி பாயும் இந்நாட்டின் குளங்களுக்கு மார்கழி, தை மாதங்களில் வரும் விருந்தினரையும் அப்போது சிலர் ஐயத்தோடு பார்த்தனர். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தை அன்பர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். அவ்வூரார் பறவைகளைத் தம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்ததைப்போல் காக்கின்றனர். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல்தான். ஊராரின் அபயதானம் அதற்கு வெகுகாலம் முற்பட்டது. நம் சங்கத்தில் சேராத, நம் விரதங்களின் பெயரே அறியாத மக்கள் அவர்கள்.

அங்கு வரும் பறவைகளுள் வரித்தலை வாத்து என்பது ஒன்று. தலையில் இரண்டு கரிய கோடுகள். திபெத்து, மங்கோலியா ஆகிய நாடுகளின் ஏரிகளிலிருந்து இமயத்தைக் கடந்து வருகிறது. 2005ஆம் ஆண்டு சீனத்தின் சிங்காய் ஏரியில் எச்5என்1 பரவியபோது ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றுள் மிகுதியானவை இந்த வரித்தலை வாத்துகளே. உலகம் அப்போது பறவைகளைக் குற்றவாளிகளாகப் பேசியது. ஆனால் காட்டுப் பறவைகளிடம் பெரும்பாலும் மென்மையாக வாழ்ந்து வந்த ஒரு நச்சுயிரி, நெருக்கியடைத்து வளர்க்கப்பட்ட கோழிகளுக்குள் புகுந்துதான் கொடியதாக மாறியது என்பதே அறிவியலார் கூறும் வரலாறு. அங்கிருந்து அது மீண்டும் காட்டுப் பறவைகளிடம் வந்து அவற்றைக் கொன்றது.

இனி மருந்து. என் பேத்தி சொல்லக் கேட்டதையும், அவள் தந்த நூல்களில் படித்ததையும் ஓர் ஆசிரியைக்கு உரிய முறையில் எளிமையாகச் சொல்கிறேன்.

இந்த நச்சுயிரி நம் உயிரணுவுக்குள் புகுந்து தன்னைப்போல் பலவற்றை உண்டாக்குகிறது. புதிதாய்ப் பிறந்தவை வெளியேறும்போது உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டை வெட்டிவிட அதனிடமே ஒரு கத்தரி இருக்கிறது. நியூராமினிடேஸ் என்னும் நொதிதான் அக்கத்தரி. அதன் வாயில் ஓர் ஆப்பைச் செருகிவிட்டால் நச்சுயிரி பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். நான் உட்கொண்ட தூள் அத்தகைய ஓர் ஆப்பு. அதைச் செய்ய நெடுங்காலம் மூலப்பொருளாக இருந்தது நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் அன்னாசிப்பூ என்று கேட்டு மகிழ்ந்தேன். செடியிலிருந்து வந்தது, ஓரறிவுயிரோடு முடிந்தது என்று எண்ணினேன்.

அவ்வளவோடு முடியவில்லை. அந்தக் கத்தரியின் வடிவத்தைக் கண்டவர்கள் ஆஸ்திரேலிய அறிவியலார்; முதல் வடிவம் 1983இல் வெளியாயிற்று. அவர்களுள் கிரேம் லேவர் என்பவர் கடற்பறவைகளைத் தேடிப் பவளத் தீவுகளுக்குச் சென்றவர். பறவையைப் பிடித்துத் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தடவிவிட்டு மீண்டும் பறக்க விட்டார். 1975இல் ஓர் ஆலாப் பறவையிடம் அப்படிப் பெற்ற நச்சுயிரியின் நொதிதான், பின்னாளில் இவ்வகை மருந்துகளை வடிவமைக்க உதவிய அழகிய படிகங்களைத் தந்தது. இதைக் கேட்டபோது எனக்கு நம் முனிவர்களின் மயிற்பீலி நினைவுக்கு வந்தது. மயில் தானாக உதிர்த்த பீலியைத்தான் அவர்கள் ஏந்துகிறார்கள், பறிப்பதில்லை. அந்த ஆலாவும் உயிரிழக்காமல் கொடுத்த கொடை அல்லவா என்றேன்.

"பறவை பிழைத்தது, பாட்டி. ஆனால் அந்த நச்சுயிரியைப் பெருக்கியது முட்டைகளில்" என்றாள் பேத்தி.

முட்டை எவ்வாறு பயன்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரியும். ஒன்பது, பத்து, பதினொன்றாம் நாள் அளவில் அதனை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், செந்நிற இரத்த நாளங்கள் வலைபோல் தெரியும். நடுவில் கரு அசையும். அசைகிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டில் சிறு துளையிட்டு, நச்சுயிரியைச் செலுத்தி, மெழுகால் மூடி, இரண்டு மூன்று நாள் அடைகாப்புப் பெட்டியில் வைத்து, பிறகு குளிரூட்டிக் கொன்று, உள்ளிருக்கும் நீரை எடுக்கிறார்கள். மருந்தைச் சோதிப்பதாயின், சில முட்டைகளுக்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்து, எதில் நச்சுயிரி பெருகவில்லை என்று காண்பார்கள். கொடிய எச்5என்1ஐ எல்லா ஆய்வகங்களிலும் கையாள இயலாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம், புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற சில இடங்களுக்கே அது உரியது. என் பேத்தியைப் போன்றவர்கள் அதன் வலிமை குன்றிய உறவினர்களைக் கொண்டு முதற்கட்டச் சோதனை செய்கிறார்கள்.

முட்டைக்கு அப்பால் எலிகள் உள்ளன. பெரட் என்னும் கீரியை ஒத்த சிறு விலங்கும் உள்ளது. 1933இல் இலண்டன் மில் ஹில் ஆய்வகத்தில், மனிதருக்கு வரும் இன்புளுயன்சா அதற்கும் வருகிறது என்று கண்டார்கள். நம்மைப் போலவே மூக்கொழுகித் தும்முகிறது. அதுவே அதன் வினைப்பயனாயிற்று. அன்று தொட்டு இன்றுவரை காய்ச்சல் மருந்துகளின் சுமையை அது சுமக்கிறது.

பல நாடுகளின் விதிகள், பொரிக்காத முட்டைக்குள் இருக்கும் பத்து நாள் கருவை விலங்கென்றே எண்ணுவதில்லை. ஆகவே கணக்கில் அது வருவதில்லை. நம் ஆகமமோ, முட்டையிற் பிறப்பனவற்றைக் கருப்பிறப்புயிர்களுள் ஒரு வகையாக வைத்து எண்ணுகிறது. ஐயறிவுயிர் என்பதில் நமக்கு ஐயமில்லை. (நச்சுயிரியே உயிரா என்று என்னைக் கேட்க வேண்டா. அறிவியலாருக்குள்ளேயே அதில் வழக்கு உண்டு. அதனை மேலோரிடம் விட்டுவிடுகிறேன்.)

இப்போது அறத்தின் பக்கம் வருவோம். தீவினை மூன்று வழியாக வந்து சேரும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். கேப்சூலைப் பிரித்த நான் முதல் இரண்டிலிருந்து விலகியவள் என்று வாதாடலாம். அம்மருந்து கண்டுபிடிக்கப்பட்டு 1999இல் விற்பனைக்கு வந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாவது? நலம் பெற்று எழுந்து, "நல்ல மருந்து" என்று சொன்னேனே, அந்தச் சொல் உடன்பாடு அல்லவா?

இதை நம் அன்பர்கள் சிலரிடம் கேட்டேன். ஒரு பெரியவர், "இது விரோத ஹிம்சை, பகைவனை எதிர்த்துத் தற்காத்துக்கொள்வது இல்லறத்தானுக்கு விலக்கன்று" என்றார். அவரிடம் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. எனினும் இவ்விடை எனக்கு ஒப்பவில்லை. பகைவன் நச்சுயிரி, கொல்லப்படுவதோ குஞ்சு. இன்னொருவர், "ஆராய்ச்சியாளனுக்குக் கொல்லும் எண்ணமில்லை, காக்கும் எண்ணமே உண்டு, எண்ணத்தில்தானே வினை" என்றார்.

இரண்டாவது விடையை எளிதில் தள்ள முடியவில்லை. பல நாள் எண்ணினேன். அப்போது யசோதர காவியம் நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டதுதான். தீக்கனாவின் கேடு நீங்க உயிர்ப்பலி வேண்டும் என்று தாய் வற்புறுத்துகிறாள். யசோதரன் உயிர்க்கொலைக்கு அஞ்சி, மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டுகிறான். மாக்கோழிக்கு உயிரில்லை. ஆயினும் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, முடிவில் கோழிகளாகவே பிறக்கிறார்கள். உயிர் இல்லாவிடினும் கொல்லும் எண்ணம் இருந்ததால் வினை ஒட்டியது என்று இக்கதைக்குப் பொருள் சொல்வோம். அது சரியே. ஆனால் நாம் ஒன்றைக் கவனிக்காமல் போகிறோம். யசோதரனுக்கும் காக்கும் எண்ணமே இருந்தது. கேடு நீங்க வேண்டும், தாய் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தினால்தான் வாளை எடுத்தான். நல்ல நோக்கம் வினையைக் கழுவும் என்றால் அவன் ஏன் அத்தனைப் பிறவி எடுக்க வேண்டும்? கேடு நீங்கப் பலிதான் வழியா, அது பலிக்குமா என்று அவன் கேட்கவேயில்லை. எல்லாரும் செய்வதை, கொஞ்சம் மென்மையாகச் செய்துவிட்டால் போதும் என்று எண்ணினான். உயிருக்கு மாற்றாக மாவைத் தேடியவன், பலிக்கு மாற்றைத் தேடவில்லை. உமாசுவாதி ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது மறதியும் அசட்டையும் கலந்த செயலையே முதலில் வைத்தார் என்பதை இங்கு நினைக்கலாம்.

கேப்சூலின் உறையைக் கழற்றிய எனக்கும் மாக்கோழி செய்த யசோதரனுக்கும் என்ன வேறுபாடு என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். உறக்கம் வரவில்லை.

மறுதலிப்பதே வழி என்பாரும் உளர். மருந்தே வேண்டா, பொதிகை மலையில் இல்லாத மூலிகையா என்பார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிலவேம்புக் குடிநீரையும் கபசுரக் குடிநீரையும் நானும் குடித்தவள்தான். ஆனால் இந்த மூலிகை பறவைக் காய்ச்சலைத் தடுக்குமா என்று எவ்வாறு அறிவது? சோதிக்காமல் கொடுத்தால் பலிக்குமா என்று கேளாத யசோதரன் நிலைதான். சோதித்தால், மூலிகைச் சாறும் அதே முட்டைக்குள்தான் போகிறது. என் பேத்தியின் ஆய்வகத்தில் சோதிக்கப்படும் பொருள்களுள் பல மூலிகைச் சாறுகளே. பச்சிலை என்பதனால் மட்டும் கை தூய்மையாகிவிடாது. நோய்வாய்ப்பட்ட குழந்தையின் தலைமாட்டில் நின்றுகொண்டு, நம் விரதத்திற்காக மருந்தை மறுக்கலாமா என்பதும் உண்டு. சல்லேகனை தனக்குத்தானே மேற்கொள்வது; பிறர் மேல் சுமத்துவதன்று.

கை தூய்மையைப் பற்றிப் பேசும்போது என் கதையையும் மறைக்கக் கூடாது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, 1970களின் தொடக்கத்தில் தென்பாண்டிச் சீமைக்குப் பணிக்கு வந்தேன். பின்னாளில் ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கும் கற்பித்தேன். இடையில் சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989 முதல் அதில் முட்டையும் சேர்ந்தது. முட்டை வந்த எண்ணிக்கை, கொடுத்த எண்ணிக்கை, உடைந்த எண்ணிக்கை என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டியது என் கடமை. இட்டேன். பசியோடு வரும் ஆற்றங்கரைப் பிள்ளைகளின் தட்டில் வைத்த ஒன்றை என் விரதத்தின் பெயரால் எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று எண்ணினேன். இன்றும் அவ்வாறே எண்ணுகிறேன். 2006இல் பறவைக் காய்ச்சல் செய்தி வந்து முட்டை விலை சரிந்தபோது, ஒரு தாய் பள்ளிக்கு வந்து, "டீச்சர், நீங்க சாப்பிடாதத எம்புள்ளைக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். நன்கு வேக வைத்தால் அச்சமில்லை என்று அரசு கூறுவதைச் சொல்லி அனுப்பினேன். சொன்னது உண்மை. ஆனால் அவள் கேட்டது வேறு கேள்வியாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கொல்லாமையைக் காப்பவள் என்று ஊரில் பெயர் பெற்ற நான், என் கையெழுத்தால் எத்தனை முட்டைகளை வரவு வைத்தேன்! அவை எந்தக் கூண்டிலிருந்து வந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கூண்டைப் பற்றி ஒரு செய்தி. அமன்டடின் என்பது ஒசெல்டாமிவிருக்கு முற்பட்ட, மலிவான மருந்து. சீனத்தில் பண்ணைக்காரர்கள் கோழிகளைக் காப்பாற்ற அதனைத் தீவனத்திலும் நீரிலும் கலந்து கொடுத்தார்கள் என்று 2005இல் அமெரிக்க நாளேடு ஒன்று வெளியிட்டது. மனிதருக்கென வைத்திருந்த அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலை நச்சுயிரிகள் பெற்றுக்கொண்டன. நம் நாட்டுக் கோழிகளில் கண்ட நச்சுயிரிகள் சிலவற்றிலும் அந்த எதிர்ப்பாற்றல் இருப்பதைப் போபால் ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதே 2005இல் வியட்நாமில், ஒசெல்டாமிவிர் உட்கொண்ட நோயாளியிடமே அதனை எதிர்க்கும் நச்சுயிரி தோன்றியது. ஆகவே சோதனை ஒருமுறை செய்து முடிப்பதன்று. புதிய நச்சுயிரி தோன்றுந்தோறும் செய்ய வேண்டும். கூண்டு நிறைய நிறையச் சோதனையும் வளரும். நோய் கண்டால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து அனைத்தையும் கொல்வது நம் நாட்டின் நடைமுறை. ஆய்வகத்தில் சாகும் கருக்களின் எண்ணிக்கை அதன் முன் மிகச் சிறிது. சிறிது என்பதால் அது ஒன்றுமில்லை என்று ஆகாது. ஆனால் ஆய்வகத்தின் மேல் மட்டும் விரல் நீட்டுவோர், நூலின் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

என் தாயார் கிணற்று நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டுவார். வடிகட்டிய பிறகு துணியை உதறிப் போடமாட்டார். அதே கிணற்று நீரில் மெல்ல அலசி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை வந்த இடத்திலேயே சேர்ப்பார். வடிகட்டினாலும் சில உயிர் மாயும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக நீர் குடிப்பதை நிறுத்தவில்லை. தெரியும் என்பதற்காக வடிகட்டுவதையும் நிறுத்தவில்லை. இந்த நினைவோடு மறுநாள் பேத்தியிடம் ஓர் ஆசிரியையாகக் கேள்விகள் கேட்டேன்.

"முட்டை இல்லாமல் எதுவரை போகலாம்?" என்றேன்.

அவள் சொன்ன விடை எனக்கு வியப்பளித்தது. கத்தரி நொதியின் வாயில் ஆப்பு பொருந்துகிறதா என்பதை ஒரு சிறு தட்டின் குழிகளில், ஒளிரும் வேதிப்பொருளைக் கொண்டு அளந்துவிடலாம். நச்சுயிரி எதிர்ப்பாற்றல் பெற்றதா என்று உலகெங்கும் பார்ப்பதற்கு இம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது. அதற்கு உயிருள்ள விலங்கு வேண்டா. அடுத்தது உயிரணுப் படலம். 1958இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகத்து ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைப் பரப்பி, நச்சுயிரியைத் தெளித்து, எத்தனைத் துளைகள் விழுகின்றன என்று எண்ணுவார்கள். மருந்து நல்லதாயின் துளைகள் குறையும். (அந்த நாய்க்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று அளக்க என்னால் இயலவில்லை. அவ்வுயிரணுக்களுக்கு ஊட்டும் திரவத்திலும் கன்றின் குருதிநீர் சேர்வது வழக்கம் என்றும் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.) ஆனால் ஒசெல்டாமிவிர் போன்றவை, உடலுக்குள் சென்று கல்லீரலில் உருமாறிய பின்பே வேலை செய்கின்றன. தட்டில் பலித்தது உடம்பில் பலிக்குமா, நஞ்சாகுமா என்ற வினாவுக்குத் தட்டு விடை சொல்லாது. அங்கேதான் முட்டையும் எலியும் பெரட்டும் வருகின்றன.

"உன் ஆய்வில் முட்டை எந்த இடத்தில் வருகிறது? இந்தத் தட்டுகளுக்குப் பின்னா, முன்னா?"

சிறிது நேரம் பேசாதிருந்தாள். "முன்னால், பாட்டி. எங்கள் ஆய்வகத்தில் எல்லாச் சாறுகளையும் முதலிலேயே முட்டையில் போட்டுப் பார்ப்பது வழக்கம். முட்டை மலிவு. நொதிச் சோதனைக்குப் பொருள் வாங்கச் செலவு மிகுதி."

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பயனற்றுப்போகும் சாறுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கருக்கள் மாய்ந்துகொண்டிருந்தன, மலிவு என்பதனாலும் வழக்கம் என்பதனாலும். இங்கே மருந்தின் பெயரால் நடப்பது மருந்துக்கு வேண்டியதுகூட அன்று.

இது எனக்கு மட்டும் தோன்றிய கருத்தன்று. 1959இலேயே ரசல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்றை ஆய்வகங்களுக்கு நெறியாக எழுதினார்கள். நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1950களில் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பரதநாட்டியத்திற்காக அவரைக் கொண்டாடுகிறோம். இதற்காக நம் சமூகமாவது அவரை மறவாதிருக்க வேண்டும். அச்சட்டம் சோதனையை முற்றும் தடை செய்யவில்லை. இயன்ற இடமெல்லாம் தவிர்க்க வேண்டும், நூலும் மாதிரியும் திரைப்படமும் போதுமாயின் விலங்கைத் தொடலாகாது என்கிறது. கற்பித்தல் கருவிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய எனக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்தமானது. 2022 இறுதியில் அமெரிக்கா, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய விதியை நீக்கியது. 2023 மார்ச்சில் நம் நாட்டின் மருந்து விதிகளும் திருத்தப்பட்டு, மனித உயிரணுக்களைக் கொண்டும் கணிப்பொறியைக் கொண்டும் செய்யும் சோதனைகளுக்கு இடம் தரப்பட்டது. கதவு திறந்திருக்கிறது. நுழைவதற்குப் பணம் வேண்டும். நம் செல்வர்கள் பாஞ்சராப்போல்களுக்கும் கோயில் திருப்பணிக்கும் வழங்குவது போற்றத்தக்கது. ஓர் ஆய்வகத்துக்கு நொதிச் சோதனைப் பொருள் வாங்கித் தருவதும் அபயதானம் என்று நான் கருதுகிறேன். இவ்விதழின் வாயிலாக அதனைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

பேத்திக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "விட்டுவிட்டு வா" என்று சொல்லவில்லை. அவள் விலகினால் அந்த இருக்கையில், கேள்வியே இல்லாத வேறொருவர் வந்து அமர்வார்; முட்டைகள் குறையா. "பாவமில்லை, செய்" என்றும் சொல்லவில்லை. அதனைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. "உன் நெறியாளரிடம் போய், தட்டுகளை முன்னால் வைக்கக் கேள். தட்டில் தோற்றதை முட்டைக்குக் கொண்டுபோகாதே. அதற்குப் பிறகும் ஒன்றைத் திறக்க வேண்டி வந்தால், எதற்காகத் திறந்தாய் என்று உன்னிடமே எழுதி வைத்துக்கொள். மாலையில் பிரதிக்கிரமணத்தில் அதனை எண்ணு" என்றேன்.

"எண்ணினால் வினை தீருமா, பாட்டி?"

"தீரும் என்று நான் சொல்லவில்லை."

மாசி மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கடிதம் எழுதும் பழக்கத்தை அவளிடம் வளர்த்தவள் நான். நெறியாளர் முதலில் சினந்தாராம். பிறகு செலவுக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாராம். திட்டத்தில் முதலில் எழுதியிருந்த முட்டைகளில் நான்கில் ஒரு பங்கே இப்போது தேவைப்படும் என்று எழுதியிருந்தாள். அந்த நான்கில் ஒரு பங்கை அவளே திறக்கிறாள். முதல் நாள் கை நடுங்கியதாகவும், மூன்றாம் நாள் நடுங்கவில்லை என்பதே தனக்கு அச்சமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். இன்னும் மறுமொழி எழுதவில்லை.

அவள் ஊருக்குப் புறப்படுவதற்கு முன், தைத் திங்களில் ஒருநாள் கூந்தன்குளத்துக்குப் போயிருந்தோம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஆர்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அவர்களைப் போலவே அவளும் கரையில் நின்று, வரித்தலை வாத்துகளை விரல் மடக்கி எண்ணினாள். வெயில் ஏறியதும் கூட்டம் எழுந்து பறந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொல்லி, அவை மீண்டும் வந்து அமரும்வரை காத்திருந்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.